ஓட்டையுள்ள கூரை ஒழுகாதது எப்படி?

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் நார்ஃபோக் பிராட்ஸ் என்ற நீர்ப்பரப்பு இருக்கிறது. ஆறுகளும் ஆழமில்லாத ஏரிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடம். படகு போகக்கூடிய நீர்வழி மட்டும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இவை இயற்கையாக அமைந்த ஏரிகள் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பெர்ட் என்ற தாவரவியலாளர் கரையோர மண்ணைத் துளையிட்டு ஆராய்ந்தார். இடைக்கால மக்கள் அடுப்பெரிக்க மக்கிய தாவர மண்ணை வெட்டியெடுத்த குழிகளே பின்னாளில் நீர் நிரம்பி ஏரிகளாயின என்று நிறுவினார்.

அந்த நீரில் பழைய மரப் படகுகள் இன்னும் ஓடுகின்றன. சுக்கான் பிடிப்பவர் நிற்கும் இடம் திறந்தவெளி. அதற்கு மேலே வளைந்த குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான் கூரை. மழை வந்தால் விரிப்பார்கள், வெயில் வந்தால் மடித்துப் பின்னால் சாய்ப்பார்கள். குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்த கூரை வசந்தத்தில் ஒழுகத் தொடங்கும். படகுக்காரர் கடைக்குப் போய் நீர்க்காப்புப் பூச்சு ஒரு டப்பா வாங்கிவந்து மேலே பூசிவிடுவார். பல சமயம் அடுத்த மழையிலேயே மறுபடி சொட்டும். பூச்சு மோசம் என்று முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலும் பூச்சின் மேல் குற்றமில்லை. துணி மழையை எப்படித் தடுக்கிறது என்பதைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் எண்ணமே தவறு.

கித்தான் துண்டு ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பாவும் ஊடையும் குறுக்கிடும் இடங்களில் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரியும். நல்ல பூச்சு பூசிக் காயவைத்த பிறகும் பாருங்கள். அதே புள்ளிகள் அங்கேயே இருக்கும். பூச்சு எந்தத் துளையையும் அடைக்கவில்லை. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அத்தனை திறப்புகள் இருந்தும் தண்ணீர் இறங்குவதில்லை. இதுதான் நாம் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற ஆங்கில இயற்பியலாளர் லண்டனில் இளையவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள், சோப்புக் குமிழிகளைப் பற்றிய நூலாக 1890இல் வெளிவந்தன. அதில் அவர் கம்பிவலைச் சல்லடை ஒன்றை உருக்கிய பாரபின் மெழுகில் முக்கியெடுத்து, உதறி, அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். கம்பிவலையாலான டீ வடிகட்டி போதும். மெழுகுவத்தியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். நேரடித் தீயில் வைக்க வேண்டாம். வடிகட்டியை அதில் முக்கி, கண்கள் அடைபடாமல் தட்டி உதறுங்கள். ஆறியதும் உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டு, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காகிதத்தை எடுத்துவிடுங்கள். கண்ணெல்லாம் திறந்திருக்கும் வடிகட்டியில் தண்ணீர் நிற்கும். அடிப்பக்கத்தைக் கவனித்தால் ஒவ்வொரு கண்ணிலும் நீர் சற்றே புடைத்து, பளபளப்பாக, ஆனால் விழாமல் இருப்பது தெரியும். ஈர விரலால் அடியில் ஒரு தொடு தொட்டால் போதும், அந்த இடத்திலிருந்து நீர் ஓடத் தொடங்கிவிடும்.

கித்தான் கூரையில் நடப்பது அப்படியே இதுதான். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் நீரின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கிறது. இந்தப் பரப்பு இழுவிசை அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சாதாரண நீர்மங்களில் பாதரசத்தை விட்டால் இவ்வளவு வலுவானது அரிது. ஒரு துளி நீரைத் திடப்பொருளின் மேல் வைக்கும்போது, துளியின் விளிம்பு அந்தப் பரப்போடு அமைக்கும் கோணமே சேர்கோணம். தாமஸ் யங் 1805இல் இதை விளக்கினார். கோணம் 90 பாகைக்குக் குறைவானால் நீர் அந்தப் பரப்பை விரும்புகிறது, நுண்புழைக்குள் தானாக ஏறுகிறது. 90ஐத் தாண்டினால் நிலைமை தலைகீழ். நீரை அதே புழைக்குள் தள்ளுவதற்கு அழுத்தம் கொடுத்தாக வேண்டும்.

எவ்வளவு அழுத்தம்? பாரபின் மெழுகின் மேல் நீரின் சேர்கோணம் சுமார் 110 பாகை. நூல்களுக்கிடையே துளை 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கும். துளை 0.02 மில்லிமீட்டராகச் சுருங்கினால் 50 சென்டிமீட்டர். நெசவு நெகிழ்ந்து 1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டாலோ, வெறும் 1 சென்டிமீட்டர் நீருக்கே தோற்றுவிடும். இந்தக் கணக்கில் பூச்சின் தடிமன் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வருவது மூன்றே மூன்று: நீரின் இழுவிசை, நூலின் மேற்பரப்பு எப்படிப்பட்டது, துளை எவ்வளவு சிறியது. இந்த மூன்றில் எது கெட்டாலும் கூரை ஒழுகும். மூன்றையும் ஒரே டப்பாவால் சரிசெய்ய முடியாது.

மழைத்துளி சும்மா வந்து உட்காருவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்கு 6 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதுகிறது. அந்த மோதலின் அழுத்தம் ஏறத்தாழ 2 மீட்டர் உயர நீருக்குச் சமம். துணி தாங்கக்கூடியதைவிட மிக அதிகம். ஆனால் அந்த அழுத்தம் நீடிப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். துணியும் கொஞ்சம் அமிழ்ந்து கொடுக்கிறது. நீர் துளைக்குள் அதிக தூரம் போவதற்குள் துளி சிதறிப் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. பேய்மழையில் மட்டும் கித்தானுக்கு அடியில் மெல்லிய சாரல் முகத்தில் படும். அது கூரையின் பழுது அல்ல, இயல்பு. நார்ஃபோக் இங்கிலாந்திலேயே மழை குறைந்த வட்டாரங்களில் ஒன்று.  பருத்திக் கித்தான் அங்கே இவ்வளவு காலம் நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மோதும் துளியைவிட ஆபத்தானது தேங்கும் நீர். சட்டம் தளர்ந்து கூரையில் பள்ளம் விழுந்தால், ஒரு சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் நீர் நின்றாலே 10 கிலோ எடை. அந்த எடை துணியை இன்னும் கீழே இழுக்கும், நெசவு விரியும், துளைகள் பெரிதாகும், மேலும் நீர் சேரும். பூச்சுக்குச் செலவழிக்குமுன் வாரையும் கொக்கியையும் இறுக்கிச் சரிவை மீட்டுத் தரவேண்டும் என்பதை நான் முதலில் சொல்வேன்.

நூலின் மேற்பரப்பைப் பற்றி இன்னொரு செய்தி. வழவழப்பான சமதளத்தில் எந்தப் பொருளைப் பூசினாலும் சேர்கோணம் 120 பாகையைத் தாண்டுவது கடினம். ஆனால் நல்ல கித்தானின் மேல் துளி கிட்டத்தட்ட முழு உருண்டையாக நிற்கிறதே? லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆய்வு நிறுவனத்தில் காஸியும் பாக்ஸ்டரும் 1944இல் இதற்கு விடை தந்தார்கள். துளி இழைகளின் உச்சிகளை மட்டுமே தொடுகிறது. இழைகளுக்கு நடுவே இருப்பது காற்று. துளியின் அடிப்பரப்பில் பெரும்பங்கு காற்றின் மேல் அமர்ந்திருப்பதால் கோணம் மேலும் உயர்கிறது. வாத்தின் இறகு நனையாததும் இதனால்தான். தாமரை இலையின் மேற்பரப்பில் இருக்கும் மெழுகு முகடுகளும் இதே வேலையைச் செய்கின்றன என்று ஜெர்மன் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லோட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997இல் விரிவாகக் காட்டினார்கள். ஆகவே இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று கூரையின் ஓர் உறுப்பு. பிசின்போல் தடிமனாகப் பூசி அந்த இடைவெளியை அடைப்பவர், துணியின் சொந்த பலத்தில் பாதியைத் தூக்கி எறிகிறார்.

பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு. செடியிலிருந்து வரும் பஞ்சிழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் இருக்கிறது. துணியை வெளுக்கும்போது அது போய்விடுகிறது. மிஞ்சுவது செல்லுலோஸ், நீரை உறிஞ்சுவதில் பேராசைக்காரப் பொருள். நனைந்ததும் பருத்தி இழை குறுக்குவாட்டில் நன்றாகப் பருக்கும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. நெருக்கி நெய்த துணியில் எல்லா நூலும் ஒரே நேரத்தில் பருத்தால் இடைவெளிகள் நெரிந்து மூடிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வகம் இந்தக் குணத்தை வைத்தே வென்டைல் என்ற துணியை உருவாக்கியது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து, குளிர்ந்த கடலில் விழ நேரும் விமானிகளுக்கு உடை தைத்தார்கள். காய்ந்திருக்கும்போது வியர்வை ஆவி வெளியேறும்; கடலில் விழுந்தால் துணி தானே இறுகி நீரைத் தடுக்கும்.

புதுக் கித்தான் கூரை முதல் மழையில் தையல் வழியே சொட்டுவதற்கும் விளக்கம் இதுவே. ஊசி போட்ட துளை, நூலைவிடப் பெரியது. பருத்தி நூலானால் இரண்டொரு தடவை நனைந்து காய்ந்ததும் அந்தத் துளையை நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் தைப்பவர்கள், உள்ளே பாலியெஸ்டரும் வெளியே பருத்தியும் சுற்றிய நூலைத் தேடுகிறார்கள்: வலிமைக்கு ஒன்று, பருப்பதற்கு ஒன்று. நனைந்த கித்தான் சுருங்கி இறுகுவதும் நூல் பருப்பதன் விளைவே. பழைய கூடாரக்காரர்கள் மழை வருமுன் கயிறுகளைச் சற்றே தளர்த்தி வைத்தது இதற்காகத்தான்.

பூச்சுகளின் கதை நீண்டது. பிராட்ஸில் சரக்கேற்றிய வெரி என்ற படகுகளின் பாய்கள் கறுப்பு நிறம். தாரும் மீனெண்ணெயும் கரிப்புகையும் கலந்து பூசுவார்கள். 1898இல் கட்டிய ஆல்பியன் என்ற வெரியைக் காப்பாற்ற 1949இல் ஓர் அறக்கட்டளையே அமைந்தது. கறுப்புப் பாயுடன் அது இன்றும் ஓடுகிறது. தேம்ஸ் நதிப் படகுகளின் பாய்கள் செங்காவி நிறம். காவிமண்ணும் மீனெண்ணெயும் அந்த நிறத்தைத் தந்தன. மீன்பிடித் துறைகளில் பாயையும் வலையையும் பெரிய தொட்டிகளில் ஒரு செம்பழுப்புச் சாற்றில் ஊறவைத்தார்கள். அந்தச் சாற்றுக்கான கட்டி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிப் போனது. நம் ஊரில் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைத் தரும் அதே மரத்தின் வைரத்தைக் கொதிக்கவைத்து எடுத்தது அது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் நீரைத் தள்ளாது. நுண்ணுயிர்களைத் தள்ளும். மழையைத் தடுப்பது ஒரு வேலை, மக்குவதைத் தடுப்பது வேறொரு வேலை என்ற தெளிவு அந்தத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு நன்றாகவே இருந்தது.

ஆளிவிதை எண்ணெய் இன்னொரு பெரிய பெயர். நார்வேயின் மோஸ் துறைமுகத்தில் ஹெல்லி யூல் ஹான்சன் என்ற கப்பல் தலைவர் 1877இல் முரட்டு லினன் துணியை இந்த எண்ணெயில் ஊறவைத்து மாலுமி உடைகள் செய்யத் தொடங்கினார். ஆளிவிதை எண்ணெய் நீர் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து படலமாகிறது. அந்த வினை வெப்பத்தை வெளியிடும். எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட கந்தலால் எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பழைய குறிப்பேடுகளில் இந்த எண்ணெயைப் பரிந்துரைக்கும் செய்முறைகள் இன்னும் கைமாறி வருகின்றன. படகுக் கூரைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தீ ஆபத்து ஒருபுறமிருக்க, சில வருடங்களில் படலம் மொடமொடவென்று இறுகி, மடிக்கும் இடத்தில் துணியையும் சேர்த்து வெடிக்கவைக்கும்.

இவற்றையெல்லாம்விட அழகான வேதியியல், படிகாரமும் சோப்பும். துணியை முதலில் சோப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். பிறகு படிகாரக் கரைசலில். சோப்பு நீரில் கரையும், படிகாரமும் கரையும். இழைக்குள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலுமினியம் சோப்பின் கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத வெள்ளைப் பொருளாகப் படிகிறது. நீண்ட கொழுப்புச் சங்கிலிகள் வெளிநோக்கி நிற்க, இழை நீரை ஏற்க மறுக்கிறது. மேலே பூசியதல்ல, இழைக்குள்ளேயே பிறந்த பூச்சு. செலவும் மிகக் குறைவு. ஆனால் படிகாரம் அமிலத்தன்மை உள்ளது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை மெல்ல மெல்லத் துண்டாக்கும். 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் படிகாரம் சேர்த்துச் செய்த காகிதத்தில் அச்சான புத்தகங்கள் இன்று பழுப்பேறி நொறுங்குவதற்கும் அதுவே காரணம்.

மக்குவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டதால் அதையே தொடர்கிறேன். பழைய கூரையின் உண்மையான எதிரி மழை அல்ல, பூசணம்தான்.

இரண்டாம் உலகப் போரில் தென்பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரங்களும் கித்தான் பைகளும் உடைகளும் கண்ணெதிரே இற்றுப்போயின. நெருப்பும் இல்லை, குண்டும் இல்லை, ஈரமும் பூஞ்சையும்தான். படைத்தளவாடத் துறை ஆய்வகம் அமைத்து, அழுகிய துணிகளிலிருந்து ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சேகரித்து வளர்த்தது. சாலமன் தீவுக்கூட்டத்தில் கிடைத்த ஒரு கித்தான் துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைக்கு கியூஎம்6ஏ என்று எண் இட்டார்கள். பருத்தியைத் தின்பதில் அது அசாத்தியத் திறமைசாலி. செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைச் சுரந்து வெளியே கொட்டும். நூல் சர்க்கரையாகக் கரையும். அந்தச் சர்க்கரையை உறிஞ்சிப் பூஞ்சை வளரும். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் என்ற ஆய்வாளர்கள் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். துணியைத் தின்னும் நொதியை எப்படித் தடுப்பது என்று தொடங்கிய ஆய்வு, அந்த நொதியை எப்படிப் பயன்படுத்துவது என்று திரும்பியது. 1977இல் ரீஸின் பெயரால் அந்தப் பூஞ்சை டிரைக்கோடெர்மா ரீசெய் ஆனது. இன்று தொழிற்சாலைகளில் செல்லுலோஸ் நொதி தயாரிக்கும் டிரைக்கோடெர்மா ரீசெய் வகைகளெல்லாம் அந்த ஒரே கித்தான் துண்டின் வாரிசுகள். ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும், சலவைத்தூளிலும், வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்கவும் அதன் நொதிகள் பயன்படுகின்றன. 2008இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, செல்லுலோஸை உடைக்கும் மரபணுக்கள் உறவுக்காரப் பூஞ்சைகளைவிட அதில் குறைவாகவே இருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் வியந்தார்கள்.

இந்தக் கதையில் படகுக்காரருக்கு ஒரு நேரடிச் செய்தி இருக்கிறது. பூஞ்சை துணியின் மேல் வளர்வதில்லை, துணியைத் தின்று வளர்கிறது. காற்றின் ஈரப்பதம் வெகுநேரம் 70–75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே அதற்குப் போதும். துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டியதில்லை. கரும்புள்ளி தெரியும்போது நூல் ஏற்கெனவே வலுவிழக்கத் தொடங்கியிருக்கும். பருத்திக் கித்தானில் அந்தப் புள்ளியைப் போக்க ப்ளீச்சிங் கரைசல் ஊற்றுவது இரட்டை நஷ்டம். அது பூஞ்சையைக் கொல்லும், கூடவே செல்லுலோஸையும் அரிக்கும். இழைக்குள் ஊறிய கறையோ பாதி அப்படியே நிற்கும். கறையோடு வாழலாம். வலுவில்லாத துணியோடு வாழ முடியாது. தாமிரச் சேர்மங்கள் பூஞ்சையைத் தடுக்கும் என்பது பழைய அனுபவம். லண்டனின் வில்ஸ்டன் பகுதியின் பெயரால் அறியப்பட்ட பச்சைக் கித்தான், தாமிர-அம்மோனியக் கரைசலில் முக்கியெடுத்ததுதான். நீர்வாழ் உயிர்களுக்குத் தாமிரம் நஞ்சு என்பதால் இன்று படகில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆகவே பழைய கூரையைக் கையிலெடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது சோதனை. வெயில் அதிகம் படும் உச்சியில், மடிப்பு விழும் கோட்டில், துணியை இரு கட்டைவிரல்களுக்கிடையே பிடித்து இழுங்கள். காகிதம்போலக் கிழிந்தால் எந்தப் பூச்சும் உதவாது. புதுத் துணிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். தையல் நூல் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு வெயிலை நேரே வாங்குவதால், துணி நன்றாயிருக்கும்போதே நூல் இற்றிருக்கும். நகத்தால் நெருடிப் பார்த்து, அறுந்தால் மறுதையல் போட்டுவிட்டே மேற்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது கழுவுதல். தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. சலவைத்தூள் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை விரும்புவது, மறுமுனை கொழுப்பை விரும்புவது. மெழுகேறிய இழையின் மேல் கொழுப்பு முனையை ஊன்றி, நீர் முனையை வெளியே நீட்டி அது வரிசையாகப் படுத்துக்கொள்ளும். பூச்சு அப்படியே உள்ளே இருக்கும். ஆனால் மழைத்துளி சந்திப்பது பூச்சை அல்ல, நீரை வரவேற்கும் அந்த முனைகளை. போதாக்குறைக்கு, கரைந்த கொஞ்சம் தூளே நீரின் பரப்பு இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். துணியில் மிஞ்சிய சலவைத்தூளின் மேல் விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது இழையைப் பிடிக்காது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

மகரந்தம், பாசி, பறவை எச்சம், மரத்திலிருந்து சொட்டும் பிசின் எல்லாமே இழைகளுக்கு நடுவே நீர் ஏறப் பாலம் போடும். கடலோரப் படகானால் உப்பும் சேரும். சமையல் உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். உப்பேறிய கித்தான் மழையில்லாத இரவிலும் நசநசவென்றிருப்பது அதனால்தான். காய்ந்த தூசியை முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சாதாரண சோப்பும் கொண்டு கழுவுங்கள். அழுத்த நீர்ப்பீச்சி வேண்டவே வேண்டாம். அது நெசவை விலக்கும், பழைய பூச்சைப் பிய்க்கும். பிறகு அலசுங்கள், மறுபடி அலசுங்கள். கடைசி அலசல் நீரில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக் குலுக்குங்கள். மேலே நுரை நின்றால் இன்னும் அலச வேண்டும்.

முழுக்கக் காய்ந்த பின் பல இடங்களில் ஒவ்வொரு துளி நீர் வைத்துப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் பழைய பூச்சு உயிரோடிருக்கிறது; அழுக்கைத்தான் நீங்கள் இதுவரை ஒழுகல் என்று நினைத்திருக்கிறீர்கள், செலவு மிச்சம். துளி பரந்து துணி கறுத்தால் மட்டும் பூச்சு தேவை.

எந்தப் பூச்சு? மெழுகு, சிலிகோன், ஃபுளோரின் சேர்மம் என்று மூன்று குடும்பங்கள். மெழுகும் சிலிகோனும் நீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. ஃபுளோரின் சேர்மம் இரண்டையும் தள்ளும். 1953இல் 3எம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் டென்னிஸ் காலணி ஒன்றின்மேல் சிந்திய ஒரு திரவம் எதைக் கொண்டும் போகவில்லை என்பதை பாட்ஸி ஷெர்மன் கவனித்ததிலிருந்து ஸ்காட்ச்கார்ட் என்ற பூச்சு பிறந்தது. ஆனால் கரிமத்தையும் ஃபுளோரினையும் பிணைக்கும் அந்தப் பிணைப்பை இயற்கையில் உடைப்பார் இல்லை. அந்தச் சேர்மங்கள் நீரிலும் மீனிலும் மனித ரத்தத்திலும் சேர்ந்தன. அந்நிறுவனமே 2000இல் பழைய வேதிப்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஃபாஸை (PFOS) 2009இலும் பிஃபோவாவை (PFOA) 2019இலும் தன் பட்டியலில் சேர்த்தது. மழையில் எண்ணெய் வருவதில்லை. படகுக் கூரைக்கு எண்ணெயைத் தள்ளும் பூச்சு எதற்கு? சிலிகோனோ மெழுகோ தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து.

கூரையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியபடியே பூசுங்கள். தரையில் போட்டுப் பூசிக் காயவிட்டால் சுருங்கி, பிறகு கொக்கிக்கு எட்டாமல் போகலாம். கண்ணாடிபோன்ற பிவிசி ஜன்னல்களைக் காகிதம் வைத்து மூடிவிடுங்கள், கரைப்பான் பட்டால் மங்கிவிடும். உள்மடிப்பில் சிறிதளவு பூசி நிறம் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். மெல்லிய பூச்சு இரண்டு முறை. தையல் கோட்டில் மட்டும் பிரஷ்ஷை நிமிர்த்திக் குத்தி, உள்ளும் புறமும் ஒருமுறை கூடுதலாக.

இவ்வளவும் செய்த பிறகும் காலையில் உள்ளே துளிகள் தெரிந்தால், எங்கே என்று பாருங்கள். தையலிலும் ஒரே இடத்திலும் சொட்டினால் அது மழை. கூரை முழுக்கச் சீராகவும், ஜன்னலிலும் இரும்புக் குழாயிலும் முத்து முத்தாகவும் இருந்தால் அது உங்கள் மூச்சு. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராம்தான். மிச்சம் துளியாக இறங்கியாக வேண்டும். இருவர் தூங்கி எழுந்தால் அரை லிட்டர் அளவுக்கு நீராவி சேரும். அடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். இதற்கு மருந்து பூச்சில் இல்லை, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதில் இருக்கிறது.

கித்தான் கூரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈரத்தோடு மடித்து உறைக்குள் திணிக்காதீர்கள். மழை ஓய்ந்ததும் விரித்தே விடுங்கள். அன்றைக்கே கரையை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தால், வீடு சேர்ந்ததும் முதல் வேலையாக அதைக் காயப்போடுங்கள். டப்பா வாங்கும்போது ஃபுளோரின் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். கூரையிலிருந்து வழிவதெல்லாம் படகு மிதக்கும் நீரில்தான் போய்ச் சேர்கிறது.